'நல்லா இருக்கு சேர்' என்பது விடை அல்ல: பயனர் சோதனைக்கு ஓர் அறிமுகம்

ஒரு செயலியையோ இணையப் படிவத்தையோ செய்தவருக்கு அது எப்போதும் எளிதாகத்தான் தெரியும். எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது, அழுத்தினால் அடுத்து என்ன வரும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்த மனப்பாடம் இல்லாத ஒருவர் கையில் அதைக் கொடுத்து, அவருக்குத் தேவையான வேலை ஒன்றைச் செய்யச் சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதற்குப் பெயர்தான் பயனர் சோதனை. சொல்வதற்கு இவ்வளவுதான். செய்யும்போதுதான் ஒவ்வொன்றாகப் பிசகும்: பொருந்தாத ஆளைக் கூப்பிடுவது, பொருந்தாத இடத்தில் உட்கார வைப்பது, கேள்வியிலேயே விடையைச் சொல்லிவிடுவது, அவர் தடுமாறும்போது பொறுக்க முடியாமல் விரலை நீட்டிக் காட்டிவிடுவது.

கட்டுரை முழுவதற்கும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஒரு செயலி செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று நிறுத்த கொழுந்து எத்தனை கிலோ, மாதத்தில் எத்தனை பேர் விழுந்திருக்கிறது, சம்பளத்தில் என்னென்ன பிடித்திருக்கிறார்கள் என்பதைத் தொழிலாளி தன் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். (தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு: ஒரு நாள் வேலை, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் ஒரு 'பேர்' என்று பதியப்படும்.) செய்பவர்கள் ஹட்டனிலோ கண்டியிலோ கொழும்பிலோ கணினி முன் உட்கார்ந்திருக்கும் இளைஞர்கள். பயன்படுத்தப்போகிறவர்கள் காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்குப் போய், மாலையில் நிறுவை முடித்துத் திரும்புகிறவர்கள்.

பயன்பாட்டு எளிமைக்குச் சர்வதேச வரையறை ஒன்று உண்டு. ஐ.எஸ்.ஓ 9241-11 என்ற தரநிலை 1998இல் வந்து, 2018இல் திருத்தப்பட்டது. வேலை சரியாக முடிந்ததா, முடிக்க எவ்வளவு நேரமும் உழைப்பும் போயின, முடித்தவருக்குத் திருப்தியா என்று மூன்றைப் பார்க்கச் சொல்கிறது. அந்த மூன்றையும் விட, அதற்கு முன்னால் போட்டிருக்கும் நிபந்தனை முக்கியம்: குறிப்பிட்ட பயனர், குறிப்பிட்ட நோக்கம், குறிப்பிட்ட சூழல். 'இந்தச் செயலி எளிது' என்று பொதுவாகச் சொல்ல இடமே இல்லை. பொகவந்தலாவையில் 48 வயதுப் பெண்ணொருவர், மழையில் நனைந்த கையோடு, மகன் கொடுத்த பழைய போனில், போன மாதப் பிடித்தத்தைக் கண்டுபிடிக்க எளிதா என்றுதான் கேட்க முடியும்.

யாரை, எத்தனை பேரை

'ஐந்து பேர் போதும்' என்ற பேச்சு இந்தத் துறையில் எல்லோர் வாயிலும் இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான், எங்கே அது பொருந்தாது என்பதும் தெரியும். பயன்பாட்டு எளிமை ஆய்வாளர்களான ஜேக்கப் நீல்சனும் தோமஸ் லாண்டவரும் 1993இல் பல சோதனைகளின் முடிவுகளை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். இதிலிருந்து நீல்சன் பின்னால் பரப்பிய சராசரி, ஒரு பயனர் மொத்தக் குறைகளில் 31 சதவீதத்தை வெளியே கொண்டுவருவார் என்பது. இரண்டாமவர் காட்டுவதில் ஒரு பங்கு, முதலாமவர் ஏற்கெனவே காட்டியதாக இருக்கும். அப்படியே கழித்துக்கொண்டு போனால் இரண்டு பேருக்கு 52 சதவீதம், மூன்று பேருக்கு 67, ஐந்து பேருக்கு ஏறத்தாழ 84. ஆறாமவரிடமிருந்து புதிதாகக் கிடைப்பது கொஞ்சம்தான்.

ஆனால் இந்த 31 ஒரு சராசரி மட்டுமே. பத்தில் ஒருவருக்குத்தான் வரும் குறை என்றால், ஐந்து பேரைச் சோதிக்கும்போது அது ஒருமுறையாவது தலைகாட்ட 41 சதவீத வாய்ப்பே உண்டு. அதை 85 சதவீதமாக உயர்த்த 18 பேர் தேவை. சம்பளம் தவறாகப் பதிவது போன்ற ஆபத்தான, ஆனால் அபூர்வமான பிழைகளைப் பிடிக்க ஐந்து பேரை நம்பக்கூடாது. அவற்றுக்குக் கணக்குச் சரிபார்ப்பும் நிரல் சோதனையும் தனியாக வேண்டும்.

இன்னொன்று, ஐந்து என்பது ஒரு வகைப் பயனருக்கு. கொழுந்து பறிக்கும் நடுத்தர வயதுப் பெண்களும், ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) வேலை செய்யும் இளைஞர்களும், நிறையைப் பதியும் கணக்கப்பிள்ளையும் ஒரே வகை இல்லை. மூன்று வகைக்கும் மும்மூன்று பேராவது வேண்டும். எல்லோரையும் கலந்து ஐந்து பேரைப் பிடித்தால் எந்த வகையைப் பற்றியும் உறுதியாக ஒன்றும் தெரியாது.

ஆள் பிடிப்பதில் வழக்கமாக நடக்கும் கோளாறு: 'யாராவது அஞ்சு பேர அனுப்புங்க' என்று தோட்ட அலுவலகத்தில் சொன்னால், உயர்தரம் படித்த, போனில் கெட்டிக்காரப் பிள்ளைகள் ஐந்து பேர் வந்து நிற்பார்கள். எல்லா வேலையையும் கடகடவென்று முடிப்பார்கள். செய்தவர்களும் மகிழ்ச்சியோடு திரும்பிப் போவார்கள். எனவே முன்கூட்டியே சில கேள்விகளால் சலித்தெடுக்க வேண்டும். 'ஸ்மார்ட்போன் பாவிக்கத் தெரியுமா?' என்று கேட்காதீர்கள். தெரியும் என்பவருக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்ப மட்டும் தெரிந்திருக்கலாம். தெரியாது என்பவர் தினமும் யூடியூப் பார்ப்பவராக இருக்கலாம். நடந்ததைக் கேளுங்கள்: 'கடைசியா ரீலோட் போட்டது நீங்களா, கடையிலயா?', 'போன்ல வர்ற எஸ்.எம்.எஸ். நீங்களே வாசிப்பீங்களா, யாராச்சும் வாசிச்சுச் சொல்லுவாங்களா?' இந்த இரண்டு கேள்வியே ஆளை ஓரளவு அடையாளம் காட்டிவிடும்.

இடமும் நேரமும்

தோட்ட அலுவலகத்தில் மேசை, நாற்காலி, மின்சாரம் எல்லாம் கிடைக்கும். இருந்தும் அங்கே செய்யாதீர்கள். அந்தக் கட்டடத்துக்குள் தொழிலாளி நிற்கும் விதமே வேறு. அங்கே உட்கார வைத்துச் சம்பளச் சீட்டைக் காட்டி விளங்குகிறதா என்று கேட்டால், 'விளங்கல' என்பது படிப்பில்லாதவள் என்று ஒத்துக்கொள்வதாகவும், கணக்கில் சந்தேகம் கிளப்புவதாகவும் அவருக்குப் படும். இரண்டையும் தவிர்க்க அவர் சொல்லக்கூடியது ஒன்றுதான்: 'நல்லா இருக்கு சேர்.' கங்காணியோ கணக்கப்பிள்ளையோ அறையில் இருந்தால் அன்றைய சோதனையைத் தள்ளிப்போடுவது மேல்.

வாசிகசாலை, கோயில் மண்டபம், முன்பள்ளிக் கட்டடம் இவை பரவாயில்லை. எல்லாவற்றிலும் நல்லது அவருடைய வீட்டு இஸ்தோப்பு, அதாவது முன் திண்ணை. சத்தம் இருக்கும், பிள்ளைகள் வந்து எட்டிப்பார்க்கும், பக்கத்துக் காம்பராவில் தொலைக்காட்சி ஓடும். ஓடட்டும், செயலியைப் பாவிக்கப்போவதும் அங்கேதான். எதிரே உட்காராமல் பக்கத்தில், அவர் உட்கார்ந்திருக்கும் அதே உயரத்தில் உட்காருங்கள். அவர் வாங்கில் இருக்க நீங்கள் நாற்காலியில் இருந்தால் 'சேர்' என்ற சொல் தானாக வந்துவிடும்.

நேரத்தைப் பொறுத்தவரை, காலைப் பெரட்டுக்கு முன் யாருக்கும் மூச்சுவிட நேரமில்லை. மாலை நிறுவை முடிந்து, தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டும் வேளையில் 45 நிமிடம் கேட்பது அநியாயம். ஞாயிறு முற்பகல் சரிவரும், அன்று கைக்காசு வேலை (உடனே காசு தரும் மேலதிக வேலை) இல்லாவிட்டால். சம்பள நாளையும் திருவிழா நாட்களையும் விட்டுவிடுங்கள். வேலை நாளில் கூப்பிடுவதாக இருந்தால் அவர் இழக்கும் பேருக்கான காசைக் கொடுத்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் சும்மா வரச் சொல்லக்கூடாது. அந்தக் காசை முதலிலேயே கொடுங்கள். கடைசியில் தருவதாகச் சொன்னால், சரியாகச் செய்தால்தான் கிடைக்கும் என்ற எண்ணம் உட்கார்ந்துவிடும்.

முகம், குரல், திரை எதைப் பதிவு செய்வதென்றாலும் முதலில் சம்மதம் வேண்டும். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அது இல்லாவிட்டாலும் முறை இதுதான். இரண்டு பக்கப் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவது சம்மதம் ஆகாது. எதைப் பதிகிறோம், யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்போம், நடுவில் எழுந்து போகலாம் என்பதை வாயால் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவு வேண்டாம் என்றால் குறிப்பேடு போதும். அவருடைய உண்மையான சம்பளச் சீட்டைத் திரையில் திறக்கவே கூடாது. கற்பனைப் பெயரில் மாதிரிச் சீட்டு ஒன்றைத் தயார் செய்யுங்கள். ஆனால் அதில் உள்ள எண்கள் தோட்டத்துக் கணக்குப் போலவே இருக்க வேண்டும். 'தொகை: 1234.00' என்று போட்டால் யாருடைய கண்ணும் அதில் நிற்காது.

வேலையை எழுதும் விதம்

சோதனையில் கொடுக்கும் வேலைகளை முன்பே எழுதி வைக்க வேண்டும். 45 நிமிடத்துக்கு ஐந்து வேலை தாராளம். பழக்கமில்லாதவர்களோடு நான்கே போதும். முதல் வேலை எல்லோரும் முடிக்கக்கூடியதாக இருக்கட்டும், கூச்சம் விலகும்.

திரையில் இருக்கும் சொல்லை வேலையில் எழுதக்கூடாது என்பதே இங்கே பெரிய விதி. "'பிடித்தங்கள்' என்பதை அழுத்தி ஜூன் மாத விவரத்தைத் திறக்கவும்" என்று எழுதினால் நீங்கள் சோதிப்பது அவருடைய எழுத்துக்கூட்டும் திறனை. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: 'போன மாசம் கைக்கு வந்த காசு கொறஞ்சிருக்குன்னு வச்சுக்குங்க. எதுக்கெல்லாம் புடிச்சிருக்காங்கன்னு இதுல பாருங்க.' இப்போது எந்த இடத்தை அழுத்துவது, எந்தச் சொல் தன் கேள்விக்குப் பொருந்துகிறது என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும். நீங்கள் பார்க்க வந்தது அதைத்தான்.

வேலைகள் அவர்களுடைய கவலையிலிருந்து வர வேண்டும். 'உங்கள் சுயவிவரப் படத்தை மாற்றுக' என்பது யாருடைய கவலையும் இல்லை. இது கவலை: 'தராசுல 23 கிலோ காட்டுச்சு. இதுல 21ன்னு இருக்கு. ரெண்டு கிலோ எங்க போச்சு?' சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்ததைச் செயலி எங்கேயாவது காட்டுகிறதா, காட்டினாலும் அது கண்ணில் படுகிறதா என்பது இந்த ஒரு வேலையில் தெரிந்துவிடும்.

ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில், எது நடந்தால் 'முடித்தார்' என்று கணக்கு வைப்போம் என்பதையும் முன்கூட்டியே எழுதுங்கள். உதாரணமாக: 'ஊழியர் சேமலாப நிதிக்குப் பிடித்த 2,400 ரூபாவை விரலால் காட்டினால் முடிந்தது.' இதை எழுதாமல் போனால், அவர் அந்தப் பக்கத்தைத் திறந்தாலே முடித்துவிட்டார் என்று பிறகு மனம் இளகிவிடும். செயலி செய்தவர்கள் குறிப்பெடுக்கும்போது இந்த இளக்கம் நிச்சயம் நடக்கும்.

நிரல் எழுதும் முன்பே இதையெல்லாம் தாளில் சோதிக்கலாம். ஏ4 தாளைப் போன் அளவுக்கு வெட்டி, ஒவ்வொரு திரையையும் பென்சிலால் வரைந்து, அவர் விரல் வைக்கும் இடத்துக்கு ஏற்ப ஒருவர் அடுத்த தாளை எடுத்து வைக்க வேண்டும். பளபளப்பான திரையைக் குறை சொல்லத் தயங்குபவர்கள் பென்சில் கோட்டைக் குறை சொல்லத் தயங்குவதில்லை. செலவு ஒரு கொப்பியும் கத்தரிக்கோலும்தான்.

வாயைக் கட்டுவது

சோதனையை நடத்துபவர் செயலியைச் செய்தவராக இல்லாமல் இருப்பது நல்லது. சோதனைக்கு வருபவரின் பேச்சைப் பேசுபவராக இருக்க வேண்டும். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ பழகிய தமிழில் 'உட்புகுக', 'தெரிவு செய்க' என்று தொடங்கினால் அந்த அக்கா பரீட்சை எழுதுவது போல நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். தொடக்கத்தில் இவ்வளவு சொன்னால் போதும்: 'அக்கா, நாங்க இந்த ஆப்பத்தான் சோதிக்கிறோம், உங்கள இல்ல. எங்கயாச்சும் மாட்டிக்கிட்டீங்கன்னா அது ஆப்ல உள்ள பிழை. அந்த எடத்தக் கண்டுபிடிக்கத்தான் வந்திருக்கோம். மனசுல ஓடுறத அப்பிடியே வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்ங்க.'

இந்த 'வாய்விட்டுச் சொல்லுதல்' பழைய முறை. ஐ.பி.எம். நிறுவனத்தில் கிளேட்டன் லூயிஸ் 1982இல் இதைக் கணினித் திரைகளுக்காக விவரித்து எழுதினார். நடைமுறையில், தனக்குத்தானே பேசிக்கொள்வது எல்லோருக்கும் வராது. அதுவும் தெரியாத ஒருவர் முன்னால். முதலில் திரையில்லாத வேலை ஒன்றில் பழக்குங்கள்: 'ஒங்க வீட்டுல எத்தன ஜன்னல் இருக்கு? மனசுக்குள்ள எண்ணாம சத்தமா எண்ணுங்க.' அப்படியும் வரவில்லையென்றால் இரண்டு பேரைச் சேர்த்து உட்கார வையுங்கள். ஜப்பானிய ஆய்வாளர் நவோமி மியாகே 1986இல் வெளியிட்ட ஆய்வு, இருவர் சேர்ந்து தையல் இயந்திரம் எப்படித் தைக்கிறது என்று புரிந்துகொள்ள முயல்வதைப் பற்றியது. ஜோடியாக இருந்தால் யாரும் சொல்லிக்கொடுக்காமலே எண்ணங்கள் பேச்சாக வெளிவரும். ஒரே மலையில் கொழுந்து பறிக்கும் இரண்டு தோழிகளிடம் ஒரு போனைக் கொடுத்தால் போதும். 'ஏய், அங்க அமுக்காத, அது வேற' என்ற ஒரு வரியில் நீங்கள் பத்துக் கேள்வி கேட்டும் வராத விஷயம் வந்துவிடும். மலையகத்தில் இந்த ஜோடி முறையையே முதல் தெரிவாக வைத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் கருத்து. ஒரே சிக்கல், ஒருவர் மற்றவரை முந்திக்கொண்டே இருப்பார். வேலைக்கு வேலை போனைக் கைமாற்றி விடுங்கள்.

அவர் நின்றுவிட்டால் பத்து விநாடி பேசாமல் இருங்கள். மனதுக்குள் எண்ணினால்தான் அது எவ்வளவு நீளம் என்று தெரியும். 'இத அமுக்கவா?' என்று கேட்பார். ஆம், இல்லை இரண்டும் சொல்லக்கூடாது. 'நீங்க என்ன நெனக்கிறீங்க?' என்று திருப்பிக் கேட்கச் சொல்லித் துறையில் பாடம் சொல்வார்கள். இரண்டு தடவைக்கு மேல் அப்படிக் கேட்டால் கேலி செய்வது போலாகிவிடும். 'நான் இல்லாம வீட்டுல தனியா இருந்தா என்ன செய்வீங்களோ அதச் செய்ங்க' என்பது மரியாதையாகவும் இருக்கும், விடையும் கிடைக்கும். மூன்று நிமிடம் அதே இடத்தில் நின்றால் உதவலாம். ஆனால் 'உதவியோடு முடித்தார்' என்று குறிப்பில் எழுதியாக வேண்டும்.

மகன் வந்து போனைப் பிடுங்கி 'இப்பிடித்தான்மா' என்று செய்து காட்டினால் எரிச்சல் வரும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் நடப்பதும் அதுவே என்றால் உங்கள் பயனர் ஒருவர் அல்ல, இருவர். அடுத்த சோதனையில் அம்மாவையும் மகனையும் ஜோடியாக உட்கார வைக்கலாம்.

மாட்டிக்கொள்ளும் இடங்கள்

இலங்கைப் படிவங்களில் முதல் முட்டுக்கட்டை தேசிய அடையாள அட்டை இலக்கம். பழைய அட்டையில் 9 இலக்கமும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும், வீ அல்லது எக்ஸ், இருக்கும். 2016 முதல் வழங்கப்படும் அட்டையில் 12 இலக்கம் மட்டும். செய்தவரிடம் புதிய அட்டை இருந்தால், அந்தக் கட்டத்துக்கு எண்கள் மட்டுமுள்ள விசைப்பலகையை வைத்துவிடுவார். பழைய அட்டைக்காரர் 9 எண்ணையும் அடித்துவிட்டு 'வீ' எங்கே என்று தேடிக்கொண்டே இருப்பார். விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனால் 'இலக்கம் தவறு' என்று சிவப்பில் வரும். அட்டை தவறு என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். தீர்வு: இரண்டு வடிவத்தையும் ஏற்பது, சிறிய எழுத்தில் அடித்தாலும் ஏற்பது, கட்டத்தின் கீழே இரண்டுக்கும் ஒவ்வொரு மாதிரி காட்டுவது.

அடுத்தது பெயர். 'முதற்பெயர்', 'குடும்பப்பெயர்' என்று இரண்டு கட்டம் இருந்தால், தகப்பன் பெயரை முன்னால் வைத்து எழுதும் ஒருவர் எதை எங்கே போடுவது? ஒரே வீட்டில் அக்காவும் தம்பியும் இரண்டு விதமாகப் போட்டிருப்பார்கள். 'அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயர்' என்று ஒரே கட்டம் வைத்தால் தொல்லை தீரும். முகவரிக் கட்டத்திலும் இதே கதைதான். 'வீட்டு இலக்கம்', 'வீதி' இரண்டும் கட்டாயம் என்றால் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருப்பவர் மேலே போக முடியாது. தோட்டம், டிவிசன் (தோட்டத்தின் பிரிவு), லயம், தபால் நிலையம் என்ற வரிசையில் கேட்டால் தடையில்லாமல் சொல்வார்.

எழுத்தெண்ணிக்கைக் கட்டுப்பாடும் தமிழில் காலை வாரும். தலவாக்கலை என்பது நம் கணக்கில் 6 எழுத்து. யூனிகோடில் 9 குறிகள். சிவசுப்பிரமணியம் 10 எழுத்து, 16 குறிகள். 15க்கு மேல் ஏற்காத கட்டத்தில் அந்த மனிதர் கடைசிப் புள்ளியில்லாமல் 'சிவசுப்பிரமணியம' ஆகிவிடுவார். குறுஞ்செய்தியும் அப்படியே: ஆங்கில எழுத்தில் ஒன்றுக்கு 160 இடம், தமிழில் 70. அதைத் தாண்டினால் துண்டுகளாகப் பிரிந்து, துண்டுக்கு 67. சம்பள விவரத்தை ஒரே செய்தியில் அனுப்பத் திட்டமிட்டவர்கள் இந்தக் கணக்கை முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். அலுவலகக் கணினியில் பாமினி எழுத்துருவில் தட்டிய பட்டியலை அப்படியே செயலிக்குள் ஒட்டினால், பெயர்களுக்குப் பதில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள் வரும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

சம்பளத் திரையில் இன்னும் பெரிய விபத்து காத்திருக்கிறது. சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிப்பது 8 சதவீதம். வேலைகொடுப்பவர் தன் பணத்தில் அதே நிதிக்குப் போடுவது 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதம். 30,000 ரூபா என்றால் 2,400, 3,600, 900. மூன்றையும் ஒரே தலைப்பின் கீழ் அடுக்கினால், பார்ப்பவர் கூட்டி 6,900 ரூபாவை வெட்டிவிட்டார்கள் என்று முடிவு கட்டுவார். கணக்கில் பிழை எதுவும் இல்லை. திரை அமைப்பு சண்டை மூட்டிவிட்டது. உங்களிடம் பிடித்தது என்று ஒரு பகுதி, உங்களுக்காக அவர்கள் போட்டது என்று இன்னொரு பகுதி, நடுவில் நல்ல இடைவெளி, அவ்வளவுதான் வேண்டியது.

கடவு எண் அனுப்பும் முறையையும் கவனியுங்கள். பதிந்த இலக்கம் கொழும்பில் வேலை செய்யும் மகனுடையதாக இருந்தால், ஓ.டி.பி. அவனுக்குப் போகும். அவன் அழைப்பை எடுத்து எண்ணைச் சொல்வதற்குள் காலாவதியாகிவிடும். இரண்டு நிமிட அவகாசம் எழுதியவருக்கு நீளமாகத் தெரிந்திருக்கலாம்.

கையும் காலநிலையும் சோதனைக்குள் வர வேண்டும். தொடுதிரை ஈர விரலைச் சரியாக உணராது. தேயிலைக் கறையும் காய்ப்பும் உள்ள விரலைக் கைரேகைப் பூட்டு பலமுறை மறுக்கும். பொத்தான் குறைந்தது 48 டிபி (திரை அளவுக்கான அலகு), அதாவது சுமார் 9 மில்லிமீட்டர் இருக்கட்டும் என்று ஆண்ட்ரொய்ட் வழிகாட்டி சொல்கிறது. ஈரக் கைக்கு அதற்கும் மேலே போங்கள். பொத்தான்களுக்கிடையே இடைவெளி விடுங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்பது இணைய அணுகல் வழிகாட்டியின் அளவு. வெள்ளையில் இளம் சாம்பல் எழுத்து அறைக்குள் அழகாக இருக்கும், மதிய வெயிலில் மலையில் காணாமல் போய்விடும். ஒருமுறையாவது வெளியே நின்று பாருங்கள்.

சிக்னலை வேண்டுமென்றே அறுத்துப் பாருங்கள். கணக்கப்பிள்ளை நிறையைப் பதிந்து 'அனுப்பு' அழுத்தும் கணத்தில் விமானப் பயன்முறையை இயக்குங்கள். வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், அவர் மறுபடி அழுத்துவார், இன்னொரு முறையும் அழுத்துவார். சிக்னல் வந்ததும் ஒரே ஆளுக்கு மூன்று நிறை பதிந்தால், அதைத் தோட்டத்தில் அல்ல, சோதனையில் கண்டுபிடிப்பது நல்லது.

குறிப்பும் அதற்குப் பிறகும்

நடத்துபவரும் குறிப்பெடுப்பவரும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும். குறிப்பில் நேரம், செய்தது, சொன்னது என்று மூன்று பத்தி. 'குழம்பினார்' என்று எழுதாதீர்கள். அது உங்கள் முடிவு. '4 நிமிடம் 10 விநாடி: பிடித்தம் இருக்கும் வரியைக் கடந்து கீழே போனார், மேலே வந்தார், மறுபடி கீழே போனார்' என்று எழுதுங்கள். ஆண்ட்ரொய்ட் 11 முதல் திரைப்பதிவு வசதி போனிலேயே இருக்கிறது, ஒலியையும் சேர்த்துப் பதியலாம்.

கடைசியில் 'பிடிச்சிருந்துச்சா?' என்று கேட்டால் எல்லோருக்கும் பிடித்திருக்கும். மூன்று வேலையில் இரண்டை முடிக்காதவருக்கும் பிடித்திருக்கும். மதிப்பெண் வேண்டும் என்பவர்கள் ஜோன் புரூக் 1986இல் உருவாக்கிய பத்துக் கூற்று அளவுகோலைப் பாவிக்கிறார்கள்; 0 முதல் 100 வரை, சராசரி 68. அதில் ஒன்றுவிட்டு ஒன்று எதிர்மறைக் கூற்று. வாசித்துக் காட்டிக் கேட்கும்போது 'தேவையில்லாமல் சிக்கலாக இருந்தது' என்பதற்கும் தலையாட்டிவிடுவார்கள். ஐந்தாறு பேரிடம், அதுவும் இந்தச் சூழலில், அந்த எண்ணை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது. முடித்தாரா, எங்கே நின்றார், எவ்வளவு நேரம் என்பதே ஆதாரம்.

அன்று மாலையே எல்லோரும் உட்கார்ந்து ஒவ்வொரு குறைக்கும் கடுமை குறியுங்கள். நீல்சனின் அளவில் 0 முதல் 4 வரை: 4 என்றால் வெளியிடும் முன் திருத்தியே ஆக வேண்டியது, 1 என்றால் நேரமிருந்தால் செய்வது. எத்தனை பேருக்கு வந்தது, வந்தால் வேலை நின்றுபோகிறதா, ஒருமுறை தெரிந்தபின் தாண்டிவிடுகிறார்களா என்ற மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். அறிக்கையில் '80 சதவீதத்தினர் தவறினர்' என்று எழுதாதீர்கள். ஐந்து பேரில் நான்கு பேர் என்று எழுதுங்கள். சதவீதம் போட்டதும் நூறு பேரைக் கேட்டது போன்ற தோற்றம் வந்துவிடும்.

பட்டியல் நீளமாக வரும். மேலேயுள்ள மூன்றை மட்டும் திருத்திவிட்டு மறுபடி சோதியுங்கள். 15 பேருக்குப் பணம் இருந்தால் ஒரே தடவையில் செலவழிக்காமல், ஐந்து ஐந்தாக மூன்று சுற்று நடத்துவது லாபம்: முதல் சுற்றில் பெரிய தடையைத் தாண்டாதவர்கள் அதற்குப் பின்னால் இருந்த திரைகளைப் பார்க்கவே இல்லை, அங்கேயுள்ள குறைகள் இரண்டாம் சுற்றில்தான் வெளியே வரும். வேலைகள் அதேதான், ஆட்கள் மட்டும் வேறு. ஒரு டிவிசனில் செய்தால் அடுத்த சுற்றை இன்னொரு டிவிசனில் வையுங்கள். லயத்தில் செய்தி வேகமாகப் பரவும். 'செவப்புப் பட்டன அமுக்கணுமாம்' என்று முதல் சுற்றில் வந்தவர் சொல்லிக்கொடுத்திருப்பார்.